முப்பதுக்கு மேல் சொராரிட்டி: கேள்வி பதில்

விட்ட படிப்பைத் தொடர அமெரிக்கக் கல்லூரிக்குத் திரும்பியிருக்கும் பெண்கள் பலர், கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட மாணவியர் சங்கங்களான சொராரிட்டிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் ஒரு சாப்டருக்கு, அதாவது ஒரு கல்லூரியில் இயங்கும் கிளைக்கு, ஆலோசகர். எந்தச் சாப்டர் என்று கேட்காதீர்கள். உள்ளே நடக்கும் சடங்கு, ஓட்டு விவரம் பற்றியும் வாய் திறக்க மாட்டேன். மற்றதைக் கேளுங்கள்.

நியூ ஜெர்சி, வயது 34: அக்கா, கம்யூனிட்டி காலேஜ் முடிச்சுட்டு வர்ற ஆகஸ்ட்ல ஜூனியரா, அதாவது மூணாம் வருஷத்துக்கு, யூனிவர்சிட்டி போறேன். பொண்ணு ரெண்டாம் கிளாஸ் படிக்கிறா. சொராரிட்டில சேர வயசு வரம்பு இருக்கா? என்னை எல்லாம் சேர்த்துக்குவாங்களா?

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. நேஷனல் பேன்ஹெலனிக் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக என்.பி.சி., 1902-இல் தொடங்கிய கூட்டமைப்பு. அதில் 26 சொராரிட்டிகள். அந்தக் கல்லூரியில் இளநிலை படிக்கும் பெண்ணாக இருக்க வேண்டும், 26-இல் வேறெதிலும் ஏற்கெனவே இனிஷியேஷன், அதாவது முறைப்படி உறுப்பினராகும் சடங்கு, ஆகியிருக்கக் கூடாது. அதற்கு மேல் சாப்டர் கேட்கும் ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) வேண்டும், பல இடங்களில் முழுநேர மாணவியாகவும் இருக்க வேண்டும். பிறந்த வருஷம் எங்கும் குறுக்கே வராது.

இரண்டாவதுதான் சிக்கல். உங்களைச் சேர்ப்பதா என்று ஓட்டுப் போடுபவர்கள் பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள். ஆனால் அவர்கள் உங்கள் வயதைப் பார்த்துப் பயப்படுவதைவிட, நீங்கள் ஜூனியர் என்பதைப் பார்த்துத்தான் அதிகம் யோசிப்பார்கள். முதல் வருஷ ஃப்ரெஷ்மேன் பெண் நாலு வருஷம் இருப்பாள், சந்தா கட்டுவாள், இரண்டாம் வருஷம் ஒரு பொறுப்பு எடுப்பாள். ஜூனியரிடம் மிச்சம் இருப்பது நாலு செமஸ்டர். அதில் முதல் செமஸ்டர் புது உறுப்பினர் பயிற்சியிலேயே போய்விடும். இருபது வயது ஜூனியருக்கும் இதே கதைதான். "வயசானதால வேணாம்னுட்டாங்க" என்று என்னிடம் வந்து அழுதவர்களில் பாதிப் பேருக்கு உண்மைக் காரணம் இதுதான்.

ஆகஸ்ட் ரெக்ரூட்மென்ட், அதாவது ஆள் சேர்ப்பு, பழைய பேரில் ரஷ், எப்படி இருக்கும் தெரியுமா? கதவு திறந்ததும் வாசல் நிறையப் பெண்கள் கைதட்டிப் பாடுவார்கள். ஒருத்தி உங்களை உள்ளே கூட்டிப் போய் நாலைந்து நிமிஷம் பேசுவாள். பேச்சு சூடு பிடிக்கும்போது இன்னொருத்தி வந்து நிற்பாள், முதலாமவள் நழுவிவிடுவாள். எந்த டார்ம், எந்த ஹை ஸ்கூல், என்ன மேஜர் என்று அதே மூன்று கேள்வி திரும்ப வரும். சத்தத்தில் பாதி காதில் விழாது. பஜ்ஜி சொஜ்ஜி இல்லாத பெண் பார்க்கும் படலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்று முடிந்ததும் இரண்டு தரப்பும் பட்டியல் கொடுக்கும், கம்ப்யூட்டர் பொருத்தம் பார்க்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடைசிச் சுற்றுக்குப் பின் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த சாப்டரிலிருந்து பிட், அதாவது அழைப்பு, வந்து நீங்கள் மறுத்தால், அடுத்த ஆண்டின் பெரிய ரெக்ரூட்மென்ட் வரை அந்தக் காம்பஸில் வேறெந்த என்.பி.சி. சாப்டரிலும் சேர முடியாது. பதினெட்டு வயதுக்காரிக்கு அது ஒரு வருஷத் தாமதம். ஜூனியருக்கு அநேகமாக அத்தோடு கதை முடிந்தது. மனதில் இல்லாத பெயரைப் பட்டியலில் எழுதாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி சி.ஓ.பி., அதாவது கன்டினியூவஸ் ஓபன் பிட்டிங். ஒவ்வொரு காம்பஸிலும் ஒரு சாப்டரில் இத்தனை பேர் என்று மொத்தக் கணக்கு உண்டு. அதற்குக் குறைவாக இருக்கும் சாப்டர்கள், பெரிய ரெக்ரூட்மென்ட் முடிந்த பிறகும் செமஸ்டர் நடுவில் ஆள் சேர்க்கலாம். பாட்டு, கைதட்டல் கிடையாது. ஒரு காபி, அரை மணி நேரப் பேச்சு. முப்பத்து நாலு வயதுப் பெண் தன்னை யாரென்று காட்ட அந்த அரை மணி நேரம் வேண்டும். இந்தச் சங்கங்களைக் கவனிக்கும் கல்லூரியின் கிரீக் லைஃப் அலுவலகத்துக்குப் போய், "இந்தச் செமஸ்டர் சி.ஓ.பி. செய்யும் சாப்டர்கள் எவை?" என்று மட்டும் கேளுங்கள். உங்கள் வாழ்க்கைக் கதையை அந்த மேஜையில் சொல்ல வேண்டாம்.

பொண்ணு விஷயம். வாராந்தரக் கூட்டம் பெரும்பாலும் ஞாயிறு அல்லது திங்கள் மாலை இருக்கும். கூட்டம் தவறினால் பல சாப்டர்களில் அபராதம் உண்டு. அடுத்த ஆகஸ்டில், வகுப்பு தொடங்கும் முன்பே, ரெக்ரூட்மென்ட் வேலைக்கு நீங்கள் வந்து நிற்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விலக்கு உண்டா என்று பிட் வாங்கும் முன்பே கேளுங்கள். கட்டண விவரத் தாளையும் அப்போதே வாங்கிப் படியுங்கள். செமஸ்டருக்குச் சில நூறு டாலர் வாங்கும் சாப்டரும் உண்டு, சாப்டருக்கென்று உள்ள வீட்டில் தங்கினால் பல ஆயிரம் ஆகும் இடமும் உண்டு. வீட்டில் தங்காதவர்களுக்கும் வீட்டுப் பராமரிப்புக் கட்டணம் இருக்கலாம். சில சாப்டர்கள் ஒரு வருஷமாவது வீட்டில் தங்கியாக வேண்டும் என்று விதி வைத்திருக்கும். அம்மாக்களுக்கு விலக்கு தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

டாம்பா: எனக்கு 29. வயசு அதிகமா?

மேலே பாருங்கள். எத்தனை செமஸ்டர் மிச்சம் என்று எண்ணுங்கள்.

ஆஸ்டின்: பார்க்க 22 மாதிரிதான் இருப்பேன். வயசை மறைச்சுடலாமா?

வேண்டாம். உங்கள் பெயரைத் தேட அவர்களுக்கு ஒரு நிமிஷம் போதும். மறைத்தது தெரிந்தால் ஓட்டு உங்களுக்கு எதிராக விழும். அதற்காக வயதைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். நான் பக்கத்தில் நின்று பார்த்த இரண்டு பெண்களைச் சொல்கிறேன். ஒருவர் முதல் வாக்கியத்திலேயே "என் பையனுக்கு உன் வயசுதான்" என்றார். எதிரே இருந்தவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து "யெஸ் மேம்" போட ஆரம்பித்தாள். பேச்சு அத்தோடு செத்தது. இன்னொருவர் ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர். எதிரே இருந்தவள் சாப்டரின் பொருளாளர் என்று தெரிந்ததும், "சந்தா கட்டாதவளை எப்படிக் கேட்பே? எங்க வார்டுல லீவு போடுறவங்களைக் கேட்கிறதுக்குள்ள எனக்கு உயிர் போகுது" என்றார். அடுத்த பெண் வந்து நின்றும் அவள் எழுந்திருக்கவில்லை.

சிகாகோ, வயது 41: டிகிரி எப்பவோ முடிச்சாச்சு மேடம். அப்போ சேர வாய்ப்பு இல்லை. இனிமே வழி உண்டா?

உண்டு, அலம்னே இனிஷியேஷன். படிக்கும்போது சேராத பெண்களை என்.பி.சி. சொராரிட்டிகள் பலவும் நேராக முன்னாள் மாணவியர் பிரிவில் சேர்த்துக்கொள்கின்றன. பெரும்பாலும் ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் பரிந்துரைக்க வேண்டும். உங்கள் ஊர் அலம்னே சாப்டரின் பொது நிகழ்ச்சி ஏதாவதில் கைகொடுக்கப் போங்கள், பரிந்துரை தானாக வரும். சந்தா குறைவு, கூட்டமும் குறைவு, கூட இருப்பவர்கள் உங்கள் வயதுக்காரர்கள். உண்மையைச் சொன்னால், இங்கே கேட்டிருப்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் சரியான வாசல். ஆனால் ஒன்று: ஒரு என்.பி.சி. சொராரிட்டியில் இனிஷியேஷன் ஆகிவிட்டால் மற்ற 25-உம் வாழ்நாளுக்கும் மூடிவிடும். யார் முதலில் கூப்பிட்டார்களோ அங்கே ஓடாதீர்கள்.

எச்4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் விசா) ஒருவர்: நான் சேரலாமா?

படிக்கும் மாணவி சேரலாம். சம்பளம் வரும் பொறுப்பு எதுவும் எடுக்காதீர்கள். அதற்கு மேல் விசா கேள்வியை வக்கீலிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

அட்லான்டா, வயது 38, நர்ஸ்: என் வீட்டுக்காரர் கறுப்பினத்தவர். அவங்க அக்கா டெல்டா. பி.எஸ்.சி. நர்சிங் முடிச்சிருக்கேன். நானும் அவங்க அலம்னே சாப்டர்ல சேர ஆசை. யாரை அணுகணும்?

இது வேறு உலகம். கறுப்பினத்தவரின் ஒன்பது சங்கங்கள் டிவைன் நைன். அதில் நாலு சொராரிட்டிகள்: ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா (1908), டெல்டா சிக்மா தீட்டா (1913), ஸீட்டா ஃபை பீட்டா (1920), சிக்மா காமா ரோ (1922). முதல் மூன்றும் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தவை. டெல்டாவைத் தொடங்கிய 22 பெண்கள், தொடங்கிய சில வாரங்களிலேயே, 1913 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணிக்குப் போனார்கள். சிக்மா காமா ரோவை இண்டியானாபொலிஸில் தொடங்கியவர்கள் ஏழு பள்ளி ஆசிரியைகள். வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சொராரிட்டி எதற்கு என்று கேட்பவர்களிடம் அந்த ஏழு பேரைத்தான் நான் சொல்வது வழக்கம்.

இங்கே பட்டம் முடித்த பிறகு சேருவது விதிவிலக்கு அல்ல, வழக்கமான இரண்டாவது வழி. படிப்பு முடிந்தாலும் சேவை முடியாது. வாக்காளர் பதிவு, கல்வி உதவித்தொகை, மருத்துவ முகாம் என்று வாழ்நாள் முழுக்க வேலை வாங்குவார்கள். அதனால் ஆளைப் பார்க்காமல் சேர்க்க மாட்டார்கள். நாத்தனாரிடம் "என்னைச் சேர்த்துவிடு" என்று நேரே கேட்காதீர்கள். அவர்களுடைய பொது நிகழ்ச்சிகளுக்குப் போய் நாற்காலி எடுத்துப் போடுங்கள், ரத்த அழுத்தம் பார்க்க ஆள் வேண்டுமென்றால் முன்வாருங்கள். சேரும் முன்பே டெல்டாவின் நிறங்களான கருஞ்சிவப்பும் க்ரீமும் உடுத்திக்கொண்டு போய் நிற்காதீர்கள், அவர்களுடைய கைச்சைகையைச் செய்து பார்க்காதீர்கள். "எவ்வளவு செலவாகும், எத்தனை நாளில் முடியும்" என்று முதல் சந்திப்பில் கேட்டவரை யாரும் இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள்.

சான் ஹோசே: கமலா ஹாரிஸ் எதுல இருந்தாங்க?

ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, ஹோவர்டில், 1986. கடைசி வருஷத்தில் சேர்ந்தார்.

ஓஹையோ: எனக்கு 45. வயசு வரம்பு...

முதல் பதில். தயவுசெய்து.

ஹூஸ்டன், வயது 31: தெற்காசியப் பெண்களுக்குன்னே சொராரிட்டி இருக்காமே?

இருக்கின்றன. உங்கள் ஊர் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திலேயே 1998-இல் டெல்டா ஃபை ஒமேகா தொடங்கியது. அதே வருஷம் ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, நியூயார்க் செயின்ட் ஜான்ஸில் சிக்மா சிக்மா ரோ. அடுத்த வருஷம் டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் டெல்டா கப்பா டெல்டா. சாப்டர்கள் சின்னவை, சொந்த வீடு அரிது, அதனால் செலவு கட்டுப்படும். இங்கே உங்களுக்குப் புடவை கட்டத் தெரியும் என்பதே ஒரு தகுதி. கட்டண விவரத் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஃப்ரீமாண்ட், ஓர் அண்ணன்: குழந்தை குட்டி இருக்கறவங்களுக்கு இந்த வெள்ளைக்காரக் கூத்து எதுக்கும்மா? நட்பு வேணும்னா தமிழ்ச் சங்கம் இருக்கே. காசு கொடுத்தா நட்பு வாங்குறது?

அண்ணா, மேலே நாலு கறுப்பினச் சொராரிட்டி, நாலு தெற்காசியச் சொராரிட்டி எழுதியிருக்கிறேன். வெள்ளைக்காரக் கூத்து எங்கே வந்தது? சங்கத்துக்கும் வருடச் சந்தா கட்டித்தான் பொங்கல் விழாவுக்குப் போகிறோம்.

நியூ ஜெர்சி (முதலில் கேட்டவர்): அண்ணா, சங்கத்துல ஆறு வருஷமா இருக்கேன். இன்னிக்கும் அங்க நான் "ஃபைசர்ல இருக்காரே, அவரோட ஒய்ஃப்". இல்லேன்னா டான்ஸ் ஆடுற பொண்ணோட அம்மா. என் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டதா ஞாபகமே இல்லை.

ஃப்ரீமாண்ட்: பேர் சொல்லிக் கூப்பிடலேன்னு சங்கத்தைக் குறை சொல்றதா? பத்தொன்பது வயசுப் பொண்ணுங்க கூப்பிட்டா போதுமா? நாளைக்கு ஒரு கஷ்டம்னா அந்தப் பொண்ணுங்களா வருவாங்க?

மினியாபொலிஸ் வாசகி: அண்ணன் சொல்றதுல பாதி சரி. எனக்கு ரெண்டாவது பிரசவம் ஆனப்போ அம்மாவுக்கு விசா கிடைக்கலை. மூணு வாரம் பூண்டுக் குழம்பும் பத்தியச் சாப்பாடும் கொண்டுவந்து வாசல்ல வெச்சது சங்கத்துப் பெண்கள்தான். ஆனா ஆர்கானிக் கெமிஸ்ட்ரி மிட்டெர்முக்கு முந்தின ராத்திரி யார்கிட்டப் போவேன்? அதுக்குக் காம்பஸ்ல ஆள் வேணும்.

மினியாபொலிஸ் சொன்னதில் என்னால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஃப்ரீமாண்ட் அண்ணா, இரண்டிலும் இருக்கலாம், யாரும் ராஜினாமா கேட்கவில்லை. நீங்கள் இதற்குப் பிறகு அனுப்பிய மூன்று பதில்களையும் படித்தேன். போடப்போவதில்லை. கேள்விகள் வரிசையில் நிற்கின்றன.

சென்னையிலிருந்து ஓர் அம்மா: மகள் 27 வயதில் அங்கே இளநிலை படிக்கிறாள். ராகிங் இருக்குமா?

அங்கே ஹேஸிங் என்பார்கள். எல்லாச் சங்கமும் எழுத்தில் தடை செய்திருக்கிறது. ஆனாலும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 1997-லேயே ராகிங் தடைச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் மாநிலச் சட்டங்கள் பழையவை, கூட்டாட்சி அளவில் 2024 டிசம்பரில்தான் ஒரு சட்டம் கையெழுத்தானது. அதன்படி எந்தச் சங்கம் ஹேஸிங்கில் சிக்கியது என்று கல்லூரிகள் வெளியிட வேண்டும். கல்லூரி இணையதளத்தில் அந்த அறிக்கையைத் தேடி, சாப்டர் பெயர் இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 27 வயதுப் பெண்ணுக்கு ஒரு சாதகம், "மாட்டேன்" என்று சொல்ல அவளுக்கு வாய் வரும்.

அவளுக்கு உள்ள ஆபத்து வேறு. அமெரிக்காவில் மது வாங்க 21 ஆக வேண்டும். சாப்டரில் பாதிப் பேர் அதற்குக் கீழே. "அக்கா, நீங்க வாங்கித் தாங்களேன்" என்று கட்டாயம் கேட்பார்கள். வாங்கிக் கொடுத்தால் போலீஸ் கேஸ் அவள்மேல். வயதில் மூத்த உறுப்பினர் எல்லாருக்கும் இதைச் சொல்கிறேன், ஒரு பீர்கூட வேண்டாம்.

பெயர் சொல்லாதவர்: ஒரே வீட்டுல ஆறு பெண்களுக்கு மேல இருந்தா விபசார விடுதின்னு சட்டம் இருக்காமே, அதனாலதான் சில ஊர்ல சொராரிட்டி வீடே இல்லையாமே?

கட்டுக்கதை. ஒவ்வொரு காம்பஸிலும் சொல்வார்கள்.

ஃபீனிக்ஸ், கம்யூனிட்டி காலேஜ்: ஃபை தீட்டா கப்பான்னு ஒரு சொராரிட்டி என்னைக் கூப்பிட்டிருக்கு!

வாழ்த்துகள், ஆனால் அது சொராரிட்டி இல்லை. இரண்டாண்டுக் கல்லூரிகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கான கௌரவச் சங்கம், 1918-இலிருந்து இருக்கிறது. ஆண்களும் உண்டு. சேருங்கள், நாலாண்டுக் கல்லூரிக்கு மாறும்போது உதவித்தொகைக்குக் கைகொடுக்கும். இதில் சேர்ந்ததால் சொராரிட்டி வாய்ப்பு போகாது. வயது வந்த மாணவர்களுக்கென்றே ஆல்ஃபா சிக்மா லாம்ப்டாவும் இருக்கிறது. கேள்விப்படாத பெயரில் பணம் கேட்டு மெயில் வந்தால் மட்டும் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கட்டுங்கள்.

ஆன்லைனில் படிப்பவர்: நானும் சேரலாமா?

காம்பஸுக்கே வராதவரைச் சாப்டர் என்ன செய்யும்? சிகாகோக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள், பட்டம் முடிந்ததும் அந்த வழி.

ராலே, வயது 43: என் பொண்ணும் நானும் ஒரே காம்பஸ். அவ ஃப்ரெஷ்மேன், நான் சோஃபோமோர், ரெண்டாம் வருஷம். ரெண்டு பேரும் சேர்ந்து ரஷ் பண்ணலாமா? வயசு வரம்பு இல்லேன்னு படிச்சுட்டேன்!

படித்துவிட்டுக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான், நன்றி. விதி தடுக்காது. சோஃபோமோர் என்பதால் உங்களுக்கு வருஷமும் இருக்கிறது. ஆனால் அவள் முதலில் போகட்டும். அவள் பிட் வாங்கிச் செட்டில் ஆன பிறகு, ஸ்பிரிங் சி.ஓ.பி.யில் நீங்கள் பாருங்கள். அதே சாப்டரா, வேறு சாப்டரா என்று அவளையே கேளுங்கள். "வேற சாப்டர்மா" என்றால் காரணம் கேட்காதீர்கள்.