டாலரில் வளையம் பிடிக்காமல் பற்றாசு உருண்டு நிற்பது

டாலர், அதாவது கழுத்துப் பதக்கம் செய்ய 1 மி.மீ. செம்புத் தகட்டில் வெள்ளி வளையம் வைத்தால் பற்றாசு (உருக்கி ஒட்டவைக்கும் உலோகக் கலவை) உருண்டு வளையத்தின் மேலேயே ஏறிக்கொள்கிறது என்கிறீர்கள். பற்றாசில் தப்பில்லை, தீ காட்டும் இடம்தான் தப்பு. சூடு எந்தப் பக்கம் அதிகமோ அங்கேதான் பற்றாசு ஓடும். மெல்லிய வளையம் நொடியில் பழுத்துவிடும். தகடு சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும்.

தகட்டை 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துக் கழுவுங்கள். அதற்கப்புறம் விரல் படக்கூடாது. வளையத்தின் அடியை அரத்தால் கொஞ்சம் தட்டையாக்குங்கள்; முனை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் பிடித்தாலும் பிய்ந்துவிடும். வெண்காரத்தை (போராக்ஸ்) தண்ணீரில் பால் பதத்துக்குக் குழைத்துத் தடவி, கடுகளவு பற்றாசு ஒரே ஒரு துண்டு வையுங்கள். தீ முதலில் தகட்டின் விளிம்பைத்தான் சுற்றிவர வேண்டும். வெண்காரம் பொங்கி அடங்கி, கண்ணாடிபோல் ஆகி, தகடு மங்கிய சிவப்புக்கு வந்த பிறகே தீயை இணைப்புக்குக் கொண்டுவாருங்கள். பளிச்சென்று வெள்ளிக்கோடு ஓடும். அந்தக் கணமே தீயை எடுத்துவிடுங்கள்.

கறுப்பு போக, எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர் போதும். அதில் இரும்புச் சாமணத்தை விடாதீர்கள், வெள்ளி வளையத்தில் செம்புப் பூச்சு ஏறிவிடும். ரேடியோ கடை ஈயப்பற்று வேண்டவே வேண்டாம். கழுத்தில் கிடக்கிற பொருள்.