வறட்சியில் மரக்கன்றுகள்: கேள்வி பதில்

மாசி பிறந்தால் போதும், கன்று வைத்தவர்களின் கேள்விகள் வரிசை கட்டும். இந்த முறை வந்தவற்றில் சில.

ஐப்பசியில் நட்ட தேக்கு இலையெல்லாம் கொட்டிவிட்டது. பக்கத்தில் வேம்பு பச்சையாக நிற்கிறது. தேக்கு போச்சா? (அரியலூர்)

பிடுங்கிவிடாதீர்கள். தண்டை நகத்தால் கீறுங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. முறம் மாதிரி இலைகளை வைத்துக்கொண்டு தேக்கால் கோடையைத் தாண்ட முடியாது, அதனால் கொட்டிவிட்டு உறங்குகிறது. தண்டு காய்ந்தாலும் பல சமயம் அடியிலிருந்து துளிர்க்கும். தண்டையும் பக்கவேர்களையும் வெட்டிவிட்டு வெறும் குச்சியாகவே நடுகிற மரம் அது. வேம்பின் கணக்கு வேறு. உயரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் முதலில் ஆணிவேரை இறக்கிவிடும்.

தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியும் மகோகனி மதியம் வாடுகிறது. (திருமயம்)

மதியம் வாடி மாலையில் நிமிர்ந்தால் பயமில்லை. வேர் இழுப்பதைவிட வேகமாக இலை நீரை விடுகிறது, அவ்வளவுதான். விடியற்காலையிலும் தொங்கிக் கிடந்தால்தான் ஆபத்து. இரவு முழுக்க இழுத்தும் பற்றாக்குறை தீரவில்லை என்று பொருள். தினமும் ஒரு சொம்பு என்பது கன்றைக் கெடுக்கிற அன்பு. மேல்மண் மட்டும் நனைவதால் வேரும் அங்கேயே சுற்றும். நட்ட புதிதில் அடிக்கடி ஊற்றுங்கள். வேர் பிடித்ததும் இடைவெளி விட்டு, ஒரு முழம் ஆழம் நனைகிற அளவு ஊற்றுங்கள். மேலே சருகு மூடாக்கு போடுங்கள்.

தண்ணீர் இல்லாவிட்டால் மரம் எப்படித்தான் சாகிறது? (மதுரை, கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி. இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நீராவி வெளியே போவதும் கரியமில வாயு உள்ளே வருவதும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான். சில இனங்கள் மண் காயத் தொடங்கியதுமே வாசலைச் சாத்திவிடும். நீர் மிஞ்சும், ஆனால் சமையல் நின்றுபோகும். வறட்சி நீண்டால் சேமித்த மாவுச்சத்து கரைந்து பட்டினியில் தளரும். வேறு சில, வாசலைத் திறந்துவைத்தே துணிந்து வளரும். அவற்றுக்கு வேறு ஆபத்து. இழுவிசை எல்லை மீறினால் தண்டின் நீர்க்குழாய்களில் காற்றுக்குமிழ் புகுந்து நீரோட்டம் அறுந்துவிடும். உறிஞ்சுகுழலில் ஓட்டை விழுந்தால் இளநீர் மேலே வராதே, அதுபோல. அந்தக் குழாய்கள் நிறைய அடைபட்ட பிறகு எவ்வளவு ஊற்றினாலும் இலைக்குப் போய்ச் சேராது. பெரும்பாலான மரங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றன. கன்றுக்குச் சேமிப்பும் குறைவு, வேரும் மேலாக இருக்கும். அதனால் எந்த வழியிலும் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும்.

களை என்று துவரையைப் பிடுங்கிவிட்டோம். பக்கத்தில் இருந்த சந்தனக் கன்று மஞ்சளாகிறது. (தருமபுரி)

நீங்கள் பிடுங்கியது அதன் சாப்பாட்டுத் தட்டை! சந்தனம் பாதி ஒட்டுண்ணி. பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரை ஒட்டி நீரையும் உப்புகளையும் இழுத்துக்கொள்ளும். துணைச்செடி வாடினால் சந்தனமும் வாடும். உடனே மறுபடி துவரை போடுங்கள். நீண்ட காலத் துணைக்குச் சவுக்கு வையுங்கள்.

பனங்கொட்டை புதைத்து மாதக்கணக்காகிறது, ஒன்றும் வெளியே வரவில்லை. (விளாத்திகுளம்)

வேலை கீழே நடக்கிறது. பனையின் முளை முதலில் மண்ணுக்குள் இறங்கும். பொங்கலுக்கு அவித்துத் தின்கிறோமே கிழங்கு, அதுதான். ஓலை பிறகுதான். தோண்டித் தோண்டிப் பார்க்காதீர்கள்.

வாட்டம் தெளிய யூரியா போடலாமா? (பெயர் வேண்டாம் என்றவர்)

கூடாது. புதுத் தழை வந்தால் நீர்ச்செலவுதான் கூடும்.

ஆள் உயரக் கன்று வாங்கினால் சீக்கிரம் தப்பிக்குமா? (கோவில்பட்டி)

நானும் அப்படி நம்பித்தான் 2016இல் பையில் வளர்ந்த பெரிய புங்கங்கன்றுகளை வாங்கி நட்டேன். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் செத்தவற்றைப் பிடுங்கினால், வேர் பையின் வடிவத்திலேயே சும்மாடு மாதிரி சுருண்டிருந்தது. ஒரு விரல்கூடக் கீழே இறங்கவில்லை. அதே வரப்பில் தானாக விழுந்து முளைத்த முழங்கால் உயரப் புங்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே நின்றது. இப்போதெல்லாம் ஒன்றரை அடிக்கு மேல் நான் வாங்குவதில்லை. வாங்கினாலும் பையைக் கிழித்துச் சுருள் வேரை வெட்டிவிட்டுத்தான் குழியில் வைப்பேன்.