ஆப்பிள் ஜூஸில் ஈஸ்ட் போட்டு மூடி வைத்திருக்கிறான் மகன்

கேள்வி: உச்சிப்புளிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இங்கிலாந்தில் படிக்கும் மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். அங்கே அறை நண்பர்களோடு சேர்ந்து ஆப்பிள் ஜூஸைப் புளிக்க வைத்து ‘சைடர்’ என்ற பானம் செய்து பழக்கமாம். “வெறும் ஜூஸ்தாம்மா, ஒரு வாரத்தில் ஆகிவிடும்” என்று சொல்லி, 2 லிட்டர் கலர் பாட்டிலில் பாக்கெட் ஜூஸை ஊற்றி, நான் பன் செய்ய வாங்கி வைத்திருந்த ஈஸ்ட்டைப் போட்டு, இறுக்கி மூடிப் பரணில் வைத்துவிட்டான். இரண்டு நாள் ஆகிறது. தொட்டுப் பார்த்தால் பாட்டில் கல் மாதிரி இருக்கிறது. இது விஷமாகிவிடுமா? இவன் ஆசைப்படுவதை வேறு விதமாக வீட்டில் செய்து கொடுக்க முடியுமா?

பதில்: மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தப் பாட்டிலைக் கவனியுங்கள்.

குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஒரு கனமான துண்டை நனைத்துப் பிழிந்து பாட்டிலைச் சுற்றி, கொஞ்சமும் குலுக்காமல் இறக்கச் சொல்லுங்கள். ஐஸ்கட்டி போட்ட தண்ணீர் வாளியில் ஒரு மணி நேரம் நிற்கட்டும். குளிர்ந்தால் உள்ளே இருக்கும் வாயுவில் ஒரு பகுதி திரவத்துக்குள்ளேயே கரையும், அழுத்தம் குறையும். அதன் பிறகு துண்டைச் சுற்றியபடியே, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைக் கால் திருகு மட்டும் தளர்த்த வேண்டும். புஸ்ஸென்று சத்தம் வரும். நுரை மேலே ஏறினால் உடனே இறுக்கி, அடங்கியதும் மறுபடி தளர்த்தலாம். பத்துப் பன்னிரண்டு தடவை இப்படிச் செய்ய வேண்டி வந்தாலும் அவசரப்படக் கூடாது. சத்தம் முழுக்க நின்றபின் மூடியை எடுத்துச் சாக்கடையில் கொட்டிவிடுங்கள்.

இவ்வளவு பயம் எதற்கு என்றால், கணக்கு அப்படி. ஒரு லிட்டர் ஆப்பிள் சாற்றில் ஏறக்குறைய 100 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்ட் அதைத் தின்று, எடையில் பாதியை மதுவாகவும் மறு பாதியைக் கார்பன் டை ஆக்சைடு வாயுவாகவும் ஆக்கும். அதாவது முழுக்க நொதித்தால் ஒரு லிட்டர் சாற்றிலிருந்து சுமார் 25 லிட்டர் வாயு வெளியே வரும். கடையில் விற்கும் கலரில் ஒரு லிட்டருக்குக் கரைந்திருப்பது 4 லிட்டர் அளவுதான். அதற்காகச் செய்த பாட்டில் அது. 20 கிராம் சர்க்கரை தீர்வதற்குள்ளேயே அதன் தாங்கும் எல்லை நெருங்கிவிடும், மீதி 80 கிராம் இன்னும் காத்திருக்கும். உங்கள் மகன் இங்கிலாந்தில் செய்தபோது ஒன்று மூடியைத் தளர்த்தி வைத்திருப்பார், அல்லது வாயு மட்டும் வெளியேறும் தண்ணீர்ப் பூட்டுக் குழாயைப் போட்டிருப்பார். அதைக் கேட்டுப் பாருங்கள்.

பிளாஸ்டிக் பாட்டில் என்பது நல்ல காலம். பல வருடங்களுக்கு முன்பு என் சமையலறையில், பாதி குடித்துவிட்டு மூடி வைத்த திராட்சை ரசப் பாட்டில் ஒன்று மதியத்தில் வெடித்தது. அது கண்ணாடி. ஒரு துண்டு எதிரே இருந்த மர அலமாரியில் குத்தி நின்றது. அந்த நேரம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்கும். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் வேறு வேலையை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

அடுத்து, விஷமாகுமா என்ற கேள்வி. கள்ளச்சாராயச் சாவுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அதனால் உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இரண்டும் வேறு வேறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைக்குப் பயன்படும் அந்த ரசாயனம் சாராயத்தில் கலந்திருந்தது. பழச்சாறு தானாக நொதிக்கும்போது மெத்தனால் மிகச் சொற்ப அளவில்தான் உண்டாகும், அது ஆளைக் கொல்லாது. ஆனால் ‘வெறும் ஜூஸ்’ என்பதும் சரியில்லை. 100 கிராம் சர்க்கரை முழுக்க நொதித்தால் கிடைப்பது 6 சதவீதத்தை ஒட்டிய மது. பல பீர்களை விட அதிகம். ஜூஸ் என்று நினைத்து வீட்டுப் பிள்ளைகளோ மாத்திரை சாப்பிடும் பெரியவர்களோ ஒரு டம்ளர் குடித்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டத்தையும் தம்பியிடம் சொல்லுங்கள். இங்கிலாந்தில் விற்காமல் வீட்டில் குடிப்பதற்காகச் செய்துகொள்ளத் தடை இல்லை. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்குத்தானே என்று சொல்லித் தப்ப முடியாது. நம் பனங்காட்டிலேயே 1987-லிருந்து கள் இறக்கத் தடை இருக்கிறது. பனையேறிக்கு இல்லாத உரிமை பரணில் வைத்த பாட்டிலுக்கு எப்படி வரும்? அதனால் மது ஏறும் சைடருக்கு நான் அளவும் பக்குவமும் எழுதப் போவதில்லை. வினிகர் ஆக்கிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். அதுவும் முதலில் மதுவாகித்தான் பிறகு காடியாகும். அந்த வழியும் வேண்டாம்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் ஊர் வெக்கையில் அது நன்றாகவும் வராது என்பதைத் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். சைடருக்குப் பெயர் போன இங்கிலாந்தின் சாமர்செட், ஹெரஃபோர்ட்ஷயர் பக்கமெல்லாம் 15 முதல் 20 டிகிரி குளிரில் வாரக்கணக்கில் மெதுவாக நொதிக்க விடுவார்கள். அந்த நிதானத்தில்தான் ஆப்பிள் மணம் நிற்கும். உச்சிப்புளியில் தளம் போட்ட வீட்டுப் பரண் மதியம் 35 டிகிரிக்கு மேல் போகும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் வெறி பிடித்த மாதிரி வேலை செய்யும். மணமெல்லாம் வாயுவோடு போய்விடும், அழுகிய முட்டை வாடையும் தொண்டையை எரிக்கும் காட்டமும்தான் மிஞ்சும். பன் ஈஸ்ட் என்றால் மாவு வாடை வேறு.

இது நமக்குப் புது விஷயமே இல்லை. சாயல்குடி, கடலாடிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பாளையிலிருந்து சொட்டும்போது இரண்டும் ஒரே இனிப்பு நீர்தான். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டைச் சுண்ணாம்பின் காரம் அடக்கி வைக்கிறது. அந்தக் காரம் இல்லையென்றால் மரத்தில் தொங்கும்போதே பொங்க ஆரம்பித்துவிடும். பாக்கெட் ஜூஸில் சுண்ணாம்பின் வேலையைச் செய்வது சூடு. கொதி சூட்டில் கிருமிகளைக் கொன்று அடைக்கிறார்கள். சிலவற்றில் சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் போன்ற பதப்படுத்திகளும் இருக்கும். பாக்கெட்டைத் திறந்த நிமிஷம் சூடு தந்த காவல் உடைந்துவிடுகிறது. அதனால் திறந்த ஜூஸை நம் ஊரில் ஒரு நாள்கூட வெளியே வைக்காதீர்கள்.

சரி, தம்பியின் ஆசைக்கு வருவோம். சைடரில் அவருக்குப் பிடித்தது என்ன என்று பிரித்துப் பார்த்தால், அடர்ந்த ஆப்பிள் மணம், இனிப்போடு ஒரு புளிப்பு, நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு, அப்புறம் சுரீரென்று ஏறும் வாயு. இவற்றில் எதற்கும் ஈஸ்ட் தேவையில்லை. அமெரிக்காவில் சைடர் என்றாலே வடிகட்டாமல் பிழிந்த கலங்கலான ஆப்பிள் சாறுதான், மது ஏறியதை ஹார்ட் சைடர் என்று தனியாகச் சொல்வார்கள். அதனால் நான் இப்போது சொல்வதைச் சைடர் என்று கூப்பிட அவரும் மறுக்க மாட்டார். ஒரு மணி நேர வேலை, ஆறுவதற்கும் குளிர்வதற்கும் தனி நேரம்.

ஜூஸ் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். முன்பக்கம் ஆப்பிள் படம் பெரிதாக இருக்கும், பின்பக்கம் ‘ஃப்ரூட் டிரிங்க்’, ‘பெவரேஜ்’ என்று இருந்தால் அதில் தண்ணீரும் சர்க்கரையும்தான் அதிகம். 100 சதவீதச் சாறு, சர்க்கரை சேர்க்காதது என்று போட்டிருப்பதை எடுங்கள். இதில் சிக்கனம் பார்த்தால் கடைசியில் சர்க்கரைத் தண்ணீர்தான் குடிப்பீர்கள்.

ஒரு லிட்டர் ஜூஸை அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றுங்கள். புளிப்புச் சாறு என்பதால் அலுமினியம் வேண்டாம். இரண்டு அங்குலப் பட்டை, மூன்று கிராம்பு, தட்டிய இஞ்சி ஒரு சின்னத் துண்டு போட்டு, சிறு தீயில் 600 மில்லியாக வற்றும் வரை விடுங்கள். அரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். பொங்கக் கொதிக்க விட்டால் ஆப்பிள் மணம் போய் ஜாம் வாடை வந்துவிடும். ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னக் குமிழ் வந்துகொண்டிருந்தால் போதும்.

இப்போது துவர்ப்பு. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இது. நாம் தின்னும் காஷ்மீர், இமாச்சல ஆப்பிள்களில் துவர்ப்பு குறைவு. சைடருக்கென்றே இங்கிலாந்தில் வளர்க்கும் டாபினெட், கிங்ஸ்டன் பிளாக் போன்ற ஆப்பிள்களைச் சும்மா கடித்துத் தின்ன முடியாது, அவ்வளவு துவர்க்கும். அந்த ஆப்பிள் கிடைக்காத ஆங்கிலேய வீடுகளிலேயே பலர் சாற்றில் திக்கான தேநீர் டிகாஷனைச் சேர்ப்பார்கள். தேயிலையில் இருக்கும் டானின்தான் ஆப்பிள் தோலில் இருப்பதைப் போன்ற துவர்ப்பைத் தருகிறது. அதனால் அடுப்பை அணைத்த கையோடு, ஒரு தேக்கரண்டி தேயிலைத் தூளைத் துணியில் முடிந்து சாற்றில் போடுங்கள். நான்கு நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். மறந்து விட்டுவிட்டால் துவர்ப்பு கசப்பாகிவிடும், அதைத் திருப்பி எடுக்க முடியாது.

வடிகட்டி நன்றாக ஆறியதும் ஒன்றரை தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, கண்ணாடி ஜாடியில் குளிர்பெட்டியில் வையுங்கள். குளிர்ந்தபின் லேசாகக் கலங்கும். டிகாஷன் குளிரும்போது கலங்குவது இயல்பு, கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள்.

குடிக்கும் நேரத்தில் இந்தப் பாகு இரண்டு பங்கு, நன்றாகக் குளிர்ந்த பிளெய்ன் சோடா மூன்று பங்கு. டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாக மெதுவாகச் சோடாவை ஊற்றினால் வாயு நிற்கும். கரண்டி போட்டுக் கலக்கக் கூடாது. சோடா வெதுவெதுப்பாக இருந்தால் ஊற்றும்போதே எல்லா வாயுவும் பறந்துவிடும், அதனால் முந்தின நாளே உள்ளே வைத்துவிடுங்கள். வீட்டுச் சோடா மெஷின் இருந்தால் குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ அதில் ஊற்றாதீர்கள். நம் கடற்கரைத் தண்ணீரின் கடினத்தன்மை எலுமிச்சையின் புளிப்பைத் தின்றுவிடும். கேன் தண்ணீர் நல்லது.

ஒரு லிட்டர் ஜூஸில் ஒன்றரை லிட்டர் பானம், அதாவது ஏழு டம்ளர் வரை கிடைக்கும். ஒரு டம்ளரில் ஏறக்குறைய 14 கிராம் சர்க்கரை இருக்கும், கிட்டத்தட்ட மூன்று தேக்கரண்டி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அவர்களுக்கு ஒரு பங்குக்கு மூன்று பங்கு சோடா சேர்த்தாலும் மணம் குறையாது.

தம்பிக்கு இன்னும் ‘காரம்’ வேண்டுமென்றால் இஞ்சியைக் கூட்டுங்கள், இரண்டு மிளகு தட்டிப் போடுங்கள். மது தொண்டையில் தரும் சூட்டுக்கு மிக நெருக்கமாக வருவது இஞ்சியும் மிளகும்தான். கருப்பட்டி நல்லதாகக் கிடைத்தால், வற்றும்போது நெல்லிக்காய் அளவு ஒன்று சேர்த்துப் பாருங்கள். மரப்பீப்பாயில் ஊறியதைப் போன்ற ஒரு புகை மணம் வரும். அது எனக்குச் சாதாரணப் பக்குவத்தை விடப் பிடிக்கும். நிறம் கறுக்கும், அதனால் விருந்துக்கு ஊற்றும்போது கண்ணாடி டம்ளரைத் தவிர்த்து எவர்சில்வரில் கொடுப்பேன்.

ஜாடியில் இருக்கும் பாகை நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். இடையில் நீண்ட நேரம் கரண்ட் போய், வந்தபின் மூடியைத் திறக்கையில் புஸ்ஸென்று சத்தம் கேட்டாலோ, மேலே மெல்லிய நுரை கட்டியிருந்தாலோ அது தானாகவே நொதிக்க ஆரம்பித்துவிட்டது. ருசி பார்க்காமல் கொட்டிவிட்டு, ஜாடியை வெந்நீரில் கழுவிக் காயவைத்து அடுத்த லிட்டரை வற்ற விடுங்கள்.