சிஎன்சி ஃபைலைக் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: நான் வடிவமைத்த சின்ன ஸ்டேர்லிங் எஞ்சினின் சிஎன்சி (கணினி ஓட்டுகிற வெட்டும் மெசின்) ஃபைல்களைப் பலர் கேட்கிறார்கள். கொடுக்கத் தயங்கினால் தலைக்கனம் பிடித்தவன் என்கிறார்கள். கொடுப்பதா, விடுவதா?

வரைபடத்தைக் கொடுங்கள். பாகத்தின் வடிவத்தை மட்டும் வைத்திருக்கும் ஸ்டெப் ஃபைலையும் கொடுங்கள். எங்கே போ, எவ்வளவு வெட்டு என்று மெசினுக்கு வரிவரியாகக் கட்டளை சொல்லும் ஜி-கோட்டை மட்டும் கொடுக்காதீர்கள். பதில் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் வயிற்றெரிச்சல், நேரம் இருந்தால் வாசியுங்கள்.

முதலே சொல்லிவிடுகிறேன், நான் எஞ்சினியர் இல்லை. யாழ்ப்பாணத்தில் இறைப்பு மெசினும் லான்ட்மாஸ்டரும் (இரண்டு சில்லு உழவு மெசின்) திருத்துகிற ஆள். கராச்சின் பின்பக்கம் ஒரு பழைய லேத் நிற்கிறது. பக்கத்தில், கூட்டாளி ஒருவர் படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டர் பூட்டி சிஎன்சி ஆக்கித் தந்த சின்ன மில்லிங் மெசின். மாக் 3 மென்பொருளில் ஓடுகிறது. இரவில் கடை பூட்டியபிறகு அதுகளில் விளையாட்டு எஞ்சின் செய்வேன். ஆகவே "பெரிய ஆக்கள் மாதிரிக் கதைக்கிறான்" என்று கீழே எழுத வருகிறவர்கள் இந்தப் பந்தியை இன்னொருமுறை வாசித்துவிட்டு வரவும்.

உங்களுக்கு நடப்பதை ஊகிக்க முடிகிறது. எஞ்சின் ஓடுகிற வீடியோவைப் போட்டிருப்பீர்கள். "சூப்பர் அண்ணை, ஃபைல் இருக்கோ?" என்று ஒருவர் கேட்டிருப்பார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை. எனக்கும் அப்படித்தான் தொடங்கியது.

நான் செய்ததும் ஸ்டேர்லிங் எஞ்சின்தான். ஸ்கொட்லாந்துப் பாதிரியார் ரொபேர்ட் ஸ்டேர்லிங் 1816இல் காப்புரிமை எடுத்த சாமான். உள்ளே அடைபட்ட காற்றை ஒரு பக்கம் சூடாக்கி மறுபக்கம் குளிரவைத்தால் போதும். வால்வு இல்லை, காபரேற்றர் இல்லை, பிளக் இல்லை, ஒரு ஸ்பிரிட் விளக்குக்கே சுற்றும். தொண்ணூறுகளில் பெற்றோலைக் கண்ணால் காணாமல் வளர்ந்த எங்கட ஆக்களுக்கு இதில் ஒரு தனி ஈர்ப்பு இருப்பது அதிசயமில்லை.

நெல்லியடிப் பக்கத்துப் பெடியன் ஒருவன் ஃப்ளைவீலுக்கான (எஞ்சினைச் சீராகச் சுற்றவைக்கும் பாரச் சக்கரம்) ஃபைல் கேட்டான். நல்ல பெடியன், இன்றைக்கும் எனக்கு அவனில் கோபமில்லை. அவனிடம் இருந்தது 3018 என்கிற சீன மெசின், 30க்கு 18 சென்றிமீற்றர் மேசை, ஜி-கோட்டை வாசித்து மோட்டர்களை ஓட்ட ஜிஆர்பிஎல் என்கிற கட்டுப்படுத்தி. "தம்பி, இது என்ர மெசினுக்கு எடுத்த கோட், அப்படியே ஓட்டாதை" என்று சொல்லித்தான் அனுப்பினேன். சொன்னது காணாது என்று ஃபைலின் தலையிலும் அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்திருந்தேன்: எந்த மெசின், எந்தக் கட்டர், எத்தனை மில்லிமீற்றர் ஆழம் என்று. அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கட்டுப்படுத்தி தட்டிவிட்டுப் போய்விடும். பெடியனும் தட்டிவிட்டான்.

ஃபைலை ஏற்றியவுடன் "பிழை 20" என்று வந்திருக்கிறது. தனக்குத் தெரியாத கட்டளையைக் கண்டால் ஜிஆர்பிஎல் அப்படித்தான் சொல்லும். கட்டர் மாற்றச் சொல்லும் எம்6 அதற்குத் தெரியாது. கட்டரின் நீளத்தை அட்டவணையில் எடுக்கும் ஜி43உம் தெரியாது. பெடியன் என்ன செய்தான்? பிழை காட்டிய வரிகளை எல்லாம் அழித்தான். பிழை போய்விட்டது! 6 மில்லிமீற்றர் கட்டரைக் கழற்றாமலே அடுத்து 3 மில்லிமீற்றர் துளைகளுக்கு இறங்குகிற மாதிரி ஒரு ஃபைல் இப்போது அவன் கையில். நல்லகாலம், கதை அந்த இடம்வரைக்கும் போகவில்லை. என் மெசின் அலுமினியத்தில் ஒரு தடவைக்கு 1 மில்லிமீற்றர் ஆழம் இறங்கும். 3018 அந்த வேலைக்கு 0.1, கூடிப்போனால் 0.2 தாங்கும். முதல் இறக்கத்திலேயே மேல்பாலம் நெளிந்து, மோட்டர் ஸ்டெப் தவறி, தான் நிற்கிற இடமே மெசினுக்குத் தெரியாமல் போய், கட்டர் நேரே கிளாம்பில் ஏறி முறிந்தது. ஆளுக்குக் காயமில்லை, அதுதான் பெரிய விசயம். (3018 வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். அதில் பித்தளையில் அருமையாக எழுத்துப் பொறிக்கிற ஆக்களை எனக்குத் தெரியும்.)

அடுத்தநாள் வட்ஸ்அப் குழுவில் எனக்கு விழுந்தது மண்டகப்படி. வேண்டுமென்றே பிழையான ஃபைல் கொடுத்தேனாம். எங்கட சனத்துக்கு மற்றவன் முன்னேறக் கூடாதாம். லண்டனில் இருக்கும் ஒருவர் நீட்டி முழக்கி ஒரு குரல்பதிவு: "நாங்கள் இஞ்ச எல்லாத்தையும் ஓப்பினாத்தான் பகிருறம், உங்கட ஆக்கள் இன்னும் பழைய மெக்கானிக் புத்தியிலதான் நிக்கிறியள்."

அந்தப் "பழைய மெக்கானிக் புத்தி" என்ற சொல் எனக்குச் சுட்டுவிட்டது. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாதபோது மோட்டார்சைக்கிளையும் காரையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தது யார்? பெற்றோல் ஒரு சொட்டு விட்டுச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வித்தை கராச் கராச்சாக வாய்வழியாகத்தான் பரவியது. ஒருவரும் பூட்டி வைக்கவில்லை. ஆனால் "இந்த ஸ்குரூவை இத்தனை சுற்றுத் திருப்பு" என்று எழுதிக் கொடுத்தவரும் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு எஞ்சினும் ஒவ்வொரு மாதிரி. ஏன் புகைக்கிறது, ஏன் தட்டுகிறது, எதைக் கேட்டுத் திருப்ப வேண்டும் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். அதுவும் பகிர்தல்தான்.

ஜி-கோட் இன்னொருவருக்கு எடுத்த மூக்குக்கண்ணாடி. மெசினின் விறைப்பு, கட்டரின் விட்டம், உலோகத்தைப் பிடித்த விதம், பூச்சியத்தை, அதாவது அளவு தொடங்கும் புள்ளியை, எந்த மூலையில் வைத்தோம் என்பதெல்லாம் அதற்குள் கரைந்து கிடக்கின்றன. பார்க்கிறவனுக்கு வெறும் எண்கள். அலகை எடுங்கள். ஜி20 என்றால் அங்குலம், ஜி21 என்றால் மில்லிமீற்றர். அங்குலத்தில் எழுதிய ஃபைலில் அந்த ஒரு சொல் போய், மெசின் மில்லிமீற்றரில் நின்றால், 60 மில்லிமீற்றர் ஃப்ளைவீல் 2.36 மில்லிமீற்றர் ஆகிவிடும். எஸ்டிஎல் ஃபைலும் இதற்கு உதவாது. அதில் அலகே இல்லை, வட்டமும் வட்டமாக இராது, முக்கோணங்களால் ஒட்டிய பலகோணம்தான். முப்பரிமாண அச்சுக்கு அது காணும், 4 மில்லிமீற்றர் தண்டு இறுக்கமாக ஏற வேண்டிய துளைக்குக் காணாது. ஸ்டெப் ஃபைலில் வட்டம் உண்மையான வட்டமாகவே இருக்கும். வாங்குகிறவர் தன்னுடைய கட்டரையும் மெசினையும் பார்த்துத் தானே கட்டர் போகும் பாதையை எடுத்துக்கொள்ளலாம்.

இனி, ஃபைலில் எந்தக் காலத்திலும் ஏற்ற ஏலாத விசயம் ஒன்று இருக்கிறது. ஸ்டேர்லிங் எஞ்சினின் உயிர், அதைச் சுற்றவைக்கும் பவர் பிஸ்டன் உராய்வில்லாமல், காற்றும் கசியாமல் ஓடுவதில்தான். சிலிண்டரை நிமிர்த்திப் பிடித்து பிஸ்டனை விட்டால் அது தன் பாரத்திலேயே மெதுவாக வழுக்கி இறங்க வேண்டும். கீழ்வாயை விரலால் பொத்தினால் காற்றில் மிதந்து நிற்க வேண்டும். அதற்கு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவில் அரைத்து அரைத்துப் பொருத்த வேண்டும். எந்த ஜி-கோட் அதைத் தரும்? ஃபைல் கேட்கிறவர்களில் ஒருவராவது பிஸ்டனைப் பற்றி உங்களிடம் கேட்டாரா? கேட்டிருந்தால் அந்த ஆளை விடாதீர்கள்.

எனக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். சாவகச்சேரியில் ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவர். அவரிடம் சிஎன்சி மருந்துக்கும் கிடையாது. "தம்பி, எனக்கு ஃபைல் வேண்டாம், அளவு போட்ட படம் மட்டும் அனுப்பும், எந்தத் துளையை முதல் போட்டனீர் எண்டும் எழுதும்" என்றார். அனுப்பினேன். அவர் பித்தளைச் சிலிண்டரையே தூக்கி எறிந்துவிட்டு பழைய கண்ணாடிச் சிரிஞ்ச் ஒன்றைப் போட்டிருந்தார். குழலும் தண்டும் தொழிற்சாலையிலேயே ஒன்றுக்கொன்று அரைத்துப் பொருத்தி வருவதால் பிஸ்டன் பிரச்சினை ஒரே அடியில் தீர்ந்தது. சட்டமெல்லாம் வாளாலும் அரத்தாலும் வெட்டியது. எஞ்சின் என்னுடையதைவிட மெதுவாக, அழகாக ஓடியது. அவர் கீறித் திருப்பி அனுப்பிய படம் இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கும் போகிறது. வெறும் ஜி-கோட் கொடுத்திருந்தால் அதை அவர் எங்கே திருத்தியிருப்பார்?

முறிந்த கட்டர் என்றவுடன் இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. இங்கே நல்ல 3 மில்லிமீற்றர் கார்பைட் எண்ட் மில் தேடி எடுப்பது பெரும்பாடு. வெளிநாட்டுச் சொந்தங்கள் கோடை விடுமுறைக்கு வரும்போது பெட்டி பெட்டியாகச் சொக்லேற் வரும், சவர்க்காரம் வரும், இங்கே சந்தியிலேயே விற்கிற ஷாம்பூ வரும். தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டர் பெட்டி கேட்டால் "ஐயோ, எயார்போட்டில பிடிப்பாங்கள்" என்பார்கள். செக்-இன் பெட்டிக்குள் வைக்கிற ஒரு துண்டு உலோகத்தை யார் பிடிக்கப் போகிறார்கள்? மாமி, நீங்கள் இதை வாசித்தால், கோபிக்க வேண்டாம்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். உங்கள் எஞ்சின் முழுக்க உங்கள் வடிவமைப்பா என்று ஒருமுறை பாருங்கள். எஞ்சின் செய்ய ஒரு நிறுவனம் விற்கிற வார்ப்புத் துண்டுப் பெட்டியோடு வந்த படத்தைக் கணினியில் திரும்பக் கீறியிருந்தால், அதைப் பகிரும் உரிமை உங்களிடம் இல்லை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. "எல்லாரும்தானே போடுகிறார்கள்" என்பார்கள். போடட்டும்.

பழைய பிரிட்டிஷ் படமென்றால் இன்னொரு தலையிடி, அங்குலமும், பிஏ என்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்குரூ மரையும். 2 பிஏ என்றால் 4.7 மில்லிமீற்றர் விட்டம், 0.81 மரை இடைவெளி. இங்கே கடையில் கேட்டால் முழிப்பார்கள். மெட்ரிக் எம்5 மரைக்கு மாற்றிக் கீறி, மாற்றியதைப் படத்தில் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்து வேலை செய்கிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

பகிர்வதென்றால் நான் வைக்கிறவை: அளவும் தளர்வும் போட்ட பிடிஎஃப் படம், ஸ்டெப் ஃபைல், பூச்சியம் எங்கே வைத்தேன், எந்தப் பக்கத்தை முதலில் வெட்டினேன், எப்படிப் பிடித்தேன் என்று ஒரு பக்கம், வேலை நடக்கும்போது எடுத்த போட்டோக்கள். விற்கக் கூடாது என்று நினைத்தால் அதையும் படத்தின் மூலையிலேயே எழுதுங்கள். வெளியே போட்டால் விற்கிறவன் விற்பான்தான், ஆனால் கேள்வி கேட்க உங்களுக்கு ஒரு பிடி இருக்கும்.

அப்படியும் ஒருவர் ஜி-கோட்டுக்கே ஒற்றைக்காலில் நின்றால் அவரிடம் மூன்று விசயம் கேளுங்கள்: கட்டுப்படுத்தி எது, கையில் இருக்கும் கட்டரின் விட்டம் என்ன, அலுமினியத்தில் அந்த மெசின் இதுவரை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது. பதில் வந்தால் பக்கத்தில் இருந்தே அவருக்கென்று ஒரு பாதை எடுத்துக் கொடுங்கள், கட்டருக்கு ஒரு ஃபைலாகப் பிரித்து. எம்6 தொல்லையும் இராது, கரண்ட் போனாலும் எந்தக் கட்டரில் நின்றது என்று தெரியும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் நான் பிடித்த பழக்கம் அது.

நெல்லியடிப் பெடியனுக்கும் பிறகு அப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன், 0.1 ஆழத்தில். ஃப்ளைவீல் வந்துவிட்டது. இப்போது பிஸ்டனில் நிற்கிறான். லண்டன்காரரின் ஓப்பின் ஃபைல்களுக்காக நானும் குழுவில் கேட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.