மே, ஜூனில் பனிச்சறுக்குக்கு எங்கே போகலாம்?

மே கடைசியிலும் ஜூனிலும் சறுக்க இடம் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது, ஆனால் உயரமான பனியாறுகளைத்தான் தேட வேண்டும்.

என் முதல் தேர்வு ஆஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸ். 3250 மீட்டர் வரை கேபிள் காரில் ஏறிவிடலாம், ஆண்டு முழுவதும் சறுக்கலாம். சுவிட்சர்லாந்தின் செர்மாட்டும் அப்படித்தான், இன்னும் உயரம், 3883 மீட்டர், ஆனால் செலவு கையைக் கடிக்கும். நார்வேயில் கால்ட்ஹோபிகன் பனியாற்றுச் சறுக்குத்தளம் வேடிக்கையானது: குளிர்காலத்தில் பனி அதிகமாகிப் பாதை அடைபடுவதால் மூடிவிட்டு, வசந்தத்தில்தான் திறக்கிறார்கள்! அமெரிக்காவில் ஆரிகனின் ஹூட் மலை, பனி நன்றாகப் பெய்த ஆண்டுகளில் கலிபோர்னியாவின் மம்மத் மலை.

ஒன்று முக்கியம். இரவில் உறையும் பனி காலையில் கெட்டியாக இருக்கும், வெயில் ஏற ஏற மேல்பரப்பு இளகி, சறுக்க அருமையான ஒரு பதத்துக்கு வரும், நண்பகலுக்குள் கஞ்சி மாதிரி குழைந்து கால்களை இழுக்கும், அதனால் அதிகாலையிலேயே மேலே போய்விடுங்கள். சன்ஸ்கிரீனை மறந்தால் மூக்கு உரிந்துவிடும்.

ஜூன் பாதிக்கு மேல் என்றால், சரி, தெற்கே பாருங்கள்: சிலி, அர்ஜென்டினா, நியூசிலாந்தில் அப்போதுதான் சீசனே தொடங்கும்.