ஃப்ரீசெல் முதல் டைனர் டேஷ் வரை: கேட்டதும் சொன்னதும்

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது மகனின் படிப்புக்காக. அவன் பள்ளிக்கூடம் போனதும் நான் அதில் சீட்டு விளையாட ஆரம்பித்தேன். அப்புறம் கல் சேர்ப்பது, பொருள் தேடுவது, ஹோட்டல் நடத்துவது என்று போய், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சுற்று வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (தேவகோட்டை, கல்லூரி மாணவி): அக்கா, டைனர் டேஷில் எவ்வளவு வேகமாகக் கிளிக் செய்தாலும் எக்ஸ்பர்ட் ஸ்கோர் வரவில்லை. மவுஸை மாற்ற வேண்டுமா?

மவுஸ் சரியாகத்தான் இருக்கும். உன் வரிசைதான் சரியில்லை. இந்த விளையாட்டின் நாயகி ஃப்ளோ, ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு ஹோட்டல் நடத்த வந்தவள். ஒரு மேசையில் ஆளை உட்கார வைப்பது, ஆர்டர் எடுப்பது, சீட்டைச் சமையலறையில் கொடுப்பது, சாப்பாட்டைக் கொண்டுபோவது, பில் வாங்குவது, தட்டை எடுப்பது என்று அவளுக்கு வேலை நீளும். நீ என்ன செய்கிறாய் என்று நானே சொல்கிறேன்: முதல் மேசைக்கு எல்லாம் முடித்துவிட்டு இரண்டாவது மேசைக்குப் போகிறாய்.

நம் ஊர்க் கல்யாணப் பந்தியை நினைத்துப் பார். ஒரே ஆள் ஒரு இலைக்கு உப்பிலிருந்து பாயசம் வரை வைத்து முடித்துவிட்டா அடுத்த இலைக்கு நகர்கிறார்? பருப்பு வாளியோடு ஒருவர் வரிசை முழுக்கப் போவார், பின்னாலேயே நெய், அதன் பின்னால் சாம்பார். "வாளியைத் தூக்கினால் கடைசி இலை வரைக்கும் போய்த் திரும்பு" என்று எங்கள் ஐயா பரிமாறுகிற பையன்களிடம் சொல்வார்கள். டைனர் டேஷ் புள்ளி கொடுப்பதும் இதற்குத்தான். ஒரே வகை வேலையை அடுத்தடுத்துச் செய்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கூடிக்கொண்டே போகும், நடுவில் வேறு வேலையைத் தொட்டால் தொடர் அறுந்துவிடும். அதனால் மூன்று மேசையிலும் ஆர்டர் சொல்ல ஆட்கள் கை தூக்கும் வரை பொறு. மூன்றிலும் ஆர்டர் எடு. ஃப்ளோவுக்கு இரண்டு கை, இரண்டு பொருள் தூக்குவாள். ஒரு கை காலியாகச் சமையலறைக்கு நடந்தால் அது வீண் நடை.

எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பதை வாடிக்கையாளரின் தலைக்கு மேலே உள்ள இதயங்கள் சொல்லும். ஆபீஸ் ஆட்களுக்குப் பொறுமை குறைவு, வயதானவர்களுக்கு அதிகம். அவசரக்காரரின் மேசையை மட்டும் தொடருக்காகக் காக்க வைக்காதே. உடையின் நிறத்துக்கு ஏற்ற நாற்காலியில் உட்கார வைத்தால் வரும் கூடுதல் புள்ளியையும் விடாதே. ஒரு வாரம் மெதுவாக விளையாடிப் பார், ஸ்கோர் ஏறும்.

கேள்வி (கானாடுகாத்தான், ஓய்வு பெற்ற ஆசிரியர்): ஃப்ரீசெல்லில் எல்லா ஆட்டத்தையும் முடிக்க முடியும் என்கிறார்களே, உண்மையா? நான் பாதிக்கு மேல் தோற்கிறேன்.

சார், கிட்டத்தட்ட உண்மை. பழைய விண்டோஸில் வந்த ஃப்ரீசெல் சீட்டாட்டத்தில் 32,000 ஆட்டங்கள் எண் போட்டு இருந்தன. 1994-95ல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இணையத்தில் சேர்ந்து அவற்றைப் பங்கு போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தீர்த்தார்கள். ஒன்றே ஒன்று மட்டும் யாருக்கும் மசியவில்லை: 11982. பிறகு எழுதப்பட்ட கணினி நிரல்களும் அதற்கு வழி இல்லை என்றே சொல்லிவிட்டன. மற்ற எல்லாவற்றுக்கும் வழி உண்டு.

அதனால்தான் எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் இத்தனை மரியாதை. 52 சீட்டும் முதலிலேயே முகம் காட்டிவிடும். பல்லாங்குழியில் எதிராளியின் குழியில் எத்தனை புளியங்கொட்டை என்பது நம் கண்ணுக்கு நேரே இருக்கிற மாதிரி. தோற்றால் தாயக்கட்டையைக் குறை சொல்ல முடியாது, எந்த இடத்தில் பிசகினோம் என்று திரும்பிப் போய்ப் பார்க்கலாம். நல்ல புதிர் விளையாட்டுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோலே அதுதான்: தோற்றால் ஏன் தோற்றோம் என்று தெரிய வேண்டும்.

நீங்கள் தோற்பதற்குக் காரணம் காலி அறைகளை, அதாவது சீட்டைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் நான்கு இடங்களை, சீக்கிரம் நிரப்புவதாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு கணக்கு சொல்கிறேன், கணக்கு வாத்தியாருக்குப் பிடிக்கும். ஒரே நேரத்தில் எத்தனை சீட்டை நகர்த்தலாம்? காலி அறைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டுங்கள். காலி வரிசை இருந்தால், ஒவ்வொன்றுக்கும் அதை இரண்டால் பெருக்குங்கள். நான்கு அறையும் காலி என்றால் 5 சீட்டு. கூடவே ஒரு வரிசை காலி என்றால் 10. ஆனால் அந்தக் காலி வரிசைக்கே சீட்டுகளைக் கொண்டுபோனால் திரும்பவும் 5தான். ஒரு அறையை நிரப்புவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், கை தானாகத் தயங்கும். முதல் வேலையாக ஏஸும் இரண்டும் எங்கே புதைந்திருக்கின்றன என்று தேடுங்கள். ராஜாவைக் காலி வரிசைக்குக் கொண்டுபோகும் ஆசை எல்லோருக்கும் வரும், அவசரம் வேண்டாம்.

கேள்வி (புதுவயல், அரிசி ஆலையில் கணக்கு எழுதுபவர்): மைன்ஸ்வீப்பர் மூளை விளையாட்டா, குருட்டு அதிர்ஷ்டமா?

முக்கால்வாசி மூளை. பெரிய பலகையில் 30க்கு 16, ஆக 480 கட்டத்தில் 99 வெடி. ஐந்தில் ஒன்று வெடி என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த கட்டத்தில் வரும் எண், அதைச் சுற்றியுள்ள கட்டங்களில் எத்தனை வெடி என்று சொல்லும். திறக்காத கட்டங்கள் நேர்வரிசையாக நிற்க, அதை ஒட்டி 1, 2, 1 என்று எண்கள் வந்தால், இரண்டு 1களுக்கும் நேரே வெடி, 2க்கு நேரே காலி. 1, 2, 2, 1 என்று வந்தால் 2களுக்கு நேரேதான் வெடி. இந்த இரண்டை மட்டும் மனப்பாடம் செய்தாலே பாதிப் பலகை திறந்துவிடும். ஆனால் மூலையில் இரண்டு கட்டம் மிஞ்சி, எதில் வெடி என்று எந்த எண்ணும் சொல்லாத நிலை சில சமயம் வரும். ஊகிப்பதைத் தவிர வழியில்லை. அந்தக் கால்பங்குக்காகத்தான் நான் இதை ஃப்ரீசெல்லுக்கு ஒரு படி கீழே வைக்கிறேன்.

கேள்வி (கோட்டையூர், இல்லத்தரசி): கேண்டி க்ரஷில் ஒரே லெவலில் மூன்று வாரமாக நிற்கிறேன். என்னிடம்தான் தப்பா ஆச்சி?

உங்களிடம் தப்பு இல்லை. மூன்று கல் சேர்க்கும் விளையாட்டின் வம்சம் நீளமானது. 1994ல் ரஷ்யாவில் எவ்கெனி அலெம்ஜின் என்பவர் டாஸ் (DOS) என்ற பழைய கம்ப்யூட்டர் இயங்குதளத்துக்கு எழுதிய 'ஷாரிகி'யில் தொடங்கி, 2001ல் பாப்கேப் நிறுவனத்தின் பிஜுவெல்ட் வழியாக, 2012ல் கேண்டி க்ரஷ் வந்தது. பிஜுவெல்டில் எட்டுக்கு எட்டுக் கட்டம், ஏழு வகைக் கல், நகர்த்த வழியில்லாதபோது ஆட்டம் முடியும். அவ்வளவுதான். கேண்டி க்ரஷில் நகர்த்தல்களுக்கு வரம்பு வைத்தார்கள், ஐந்து உயிர் வைத்தார்கள், போன உயிர் திரும்பி வர அரை மணி நேரம் காக்க வைத்தார்கள். இரண்டே நகர்த்தலில் முடியவிருக்கும்போது ஐந்து நகர்த்தல் விலைக்குத் தரட்டுமா என்று கேட்கும். மேலிருந்து என்ன மிட்டாய் விழும் என்பது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இல்லாத ஒன்றுக்கு உங்களிடம் காசு கேட்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை.

விளையாடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். காசு மட்டும் போடாதீர்கள். பலகையின் அடிப்பக்கத்தில் சேர்த்தால் மேலே உள்ளவை சரிந்து தாமாகவே சேர வாய்ப்பு அதிகம். திட்டம் போட்டு விளையாட வேண்டிய கடைசி ஐந்தாறு நகர்த்தலில் மேற்பக்கம் விளையாடுங்கள், கீழே கட்டி வைத்தது கலையாது. நிம்மதியாக விளையாட வேண்டும் என்றால் 2010ல் வந்த பிஜுவெல்ட் 3ல் ஜென் என்று ஒரு வகை உண்டு. தோல்வியே கிடையாது. அடுப்பில் பால் வைத்திருக்கும்போது மட்டும் அதைத் திறக்க வேண்டாம்.

கேள்வி (பள்ளத்தூர், ஒன்பதாம் வகுப்பு): பெரியம்மா, பொருள் தேடும் கேமில் பட்டியல் முழுக்க ஆங்கிலம். தெரிந்த சொல் என்றாலும் பொருள் கிடைப்பதில்லை.

உனக்கு மட்டும் இல்லை கண்ணு, எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான். 2005ல் வந்த மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்லில் தொடங்கி இந்த வகையில் நிறைய ஆடியிருக்கிறேன். வேண்டுமென்றே இரட்டை அர்த்தச் சொற்களாகப் போடுவார்கள். 'கிரேன்' என்றால் பாரம் தூக்கும் இயந்திரத்தையே தேடிக்கொண்டிருப்போம், மூலையில் கொக்கு நிற்கும். 'பேட்' கிரிக்கெட் மட்டையாகவும் இருக்கும், வௌவாலாகவும் இருக்கும். 'நெயில்' ஆணியா நகமா? ஒரு நோட்டு போட்டு இப்படிப்பட்ட சொற்களை எழுதி வை. என் நோட்டில் நூற்றுக்கு மேல் இருக்கிறது, வீட்டுக்கு வந்தால் தருகிறேன். கண்டபடி கிளிக் செய்யாதே, பல கேம்களில் அதற்குத் தண்டனை உண்டு. படத்தை நான்காகப் பிரித்து ஒரு பக்கமாகத் தேடிக்கொண்டு போ.

கேள்வி (சிங்கப்பூர், சொந்த ஊர் காரைக்குடி): கல்லூரி நாட்களில் பிரவுசிங் சென்டரில் விளையாடிய சின்னச் சின்ன கேம்கள் இப்போது திறக்கவே இல்லையே ஆச்சி, எங்கே போயின?

தம்பி, அவற்றில் பெரும்பாலானவை பிரவுசருக்குள் கேம்களை ஓட்டிய ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் ஓடியவை. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று ஃப்ளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் ஓடவிடாமலே தடுத்துவிட்டது. ஆனால் எல்லாம் அழிந்துவிடவில்லை. ஃப்ளாஷ்பாயின்ட் என்ற பெயரில் ஆர்வலர்கள் 2018லிருந்து இந்த விளையாட்டுகளைச் சேகரித்து, இலவசமாகத் தருகிறார்கள். ரஃபிள் என்ற மென்பொருளும் பலவற்றைத் திரும்ப ஓட வைக்கிறது. ஒரு காலத்துப் பிள்ளைகள் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து விளையாடியவை அவை. யாரோ முகம் தெரியாதவர்கள் அக்கறையாகக் காப்பாற்றி வைத்திருப்பதை நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

கேள்வி (காரைக்குடி): காசு கொடுத்து வாங்கிய கேம் புது கம்ப்யூட்டரில் திறக்கவில்லை.

எனக்கும் நடந்தது. ஒரு இணையக் கடையில் பதினான்கு கேம் வாங்கியிருந்தேன். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, மாற்றிவிட்டுப் பார்த்தால் கடையையே மூடிவிட்டார்கள். கேமைத் திறக்கும் கீ எண் இருக்கிறது, அதைச் சரிபார்க்கும் சர்வர் இல்லை. ஆறு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. இப்போதெல்லாம் இணையத் தொடர்பு இல்லாமல் திறக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன். நீங்களும் ரசீதையும் கீயையும் தாளில் எழுதி வையுங்கள்.

கேள்வி (தேவகோட்டை): ஃபார்ம் ஃப்ரென்ஸியில் கரடி வந்து எல்லாவற்றையும் கெடுக்கிறது.

கரடி இறங்கியதும் மற்ற வேலையை விட்டுவிட்டுத் தொடர்ந்து கிளிக் செய்து கூண்டில் அடையுங்கள். அதற்கு முன் புல்லும் கிணற்றுத் தண்ணீரும் தயாராக இருந்தால், அந்த நேரத்தில் கோழி பட்டினி கிடக்காது.

கேள்வி (கண்டனூர்): எங்கள் ஆத்தாவுக்கு 72 வயது. பிள்ளைகள் எல்லோரும் வெளியூர். கம்ப்யூட்டரில் ஏதாவது விளையாடப் பழக்கலாம் என்று பார்க்கிறேன். எதில் தொடங்கலாம்?

சாலிடேர் என்ற, ஒருவரே ஆடும் சீட்டாட்டத்தில் தொடங்குங்கள். 1990ல் விண்டோஸ் 3.0வோடு அது வந்தபோது, பொருளைப் பிடித்து இழுத்துப் போட மவுஸில் கை பழகியது பலருக்கும் அதனால்தான். ஆத்தாவின் கையும் அப்படியே பழகும். சீட்டுப் படத்தைப் பெரிதாக்கி வையுங்கள். தப்பாக வைத்தால் நீங்கள் கை நீட்டித் திருத்தாதீர்கள், கேமே அதைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடும்.

ஒரு மாதம் கழித்து மாஜாங். 144 ஓடுகள் அடுக்கி இருக்கும், ஒரே மாதிரி இரண்டை எடுக்க வேண்டும். மேலே எதுவும் இல்லாமல், இடது அல்லது வலது பக்கம் திறந்திருக்கும் ஓட்டைத்தான் எடுக்கலாம். பூ ஓடுகளும் பருவ ஓடுகளும் மட்டும் படம் வேறாக இருந்தாலும் அதனதன் வகைக்குள் ஒன்றோடொன்று சேரும். ஒரு படத்துக்கு மூன்று ஓடு திறந்திருந்தால் எந்த இரண்டை எடுப்பது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. நீளமான வரிசையின் நுனியையும் உச்சி அடுக்கையும் திறக்கும் ஓட்டை எடுக்கச் சொல்லுங்கள்.

இதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்த பிராடி லாக்கார்டு ஜிம்னாஸ்டிக் வீரர். பயிற்சியில் விழுந்து உடல் செயலிழந்த பிறகு, வாயில் பிடித்த குச்சியால் தட்டித் தட்டி 1981ல் இதை எழுதினார். இந்தக் கதையை ஆத்தாவிடம் சொல்லுங்கள். என் சின்னம்மாவிடம் சொன்னேன், மறுநாளிலிருந்து கை வலிக்கிறது என்று அவர்கள் சொல்வதில்லை.

கேள்வி (கானாடுகாத்தான்): கடிகாரம் ஓடினாலே எனக்குப் படபடப்பு வருகிறது. ஆனால் ஹோட்டல், பண்ணை கேம்கள் பிடிக்கின்றன.

அமைப்பில் 'ரிலாக்ஸ்டு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகைக் கேம்கள் பலவற்றில் உண்டு, கடிகாரத்தை நிறுத்திவிடும். அதில் விளையாடுவது எந்த வகையிலும் குறைச்சல் இல்லை. பாதை சரிசெய்யும் கேம்களில் நானே முதல் முறை அப்படித்தான் விளையாடுவேன். உணவு முதலில் தேவையா மரம் முதலில் தேவையா, எந்தக் குடிசையை முதலில் பெரிதாக்க வேண்டும் என்று நிதானமாகப் பார்த்துவிட்டு, இரண்டாம் முறை கடிகாரத்தோடு.

கேள்வி (கோட்டையூர்): இப்போது நீங்கள் என்ன விளையாடுகிறீர்கள்?

காலையில் காபி குடித்துவிட்டு ஒரே ஒரு ஃப்ரீசெல். ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகப் போகிறேன், தாண்டுவதில்லை. முடித்ததும் நோட்டில் எண்ணும் தேதியும் எழுதுவேன். 1941ஆம் ஆட்டம் கடினம் என்று பெயர் போனது, எனக்கு நான்கு நாள் ஆனது. நான்காம் நாள் கருப்பு 7 சீட்டு ஒன்றை வேறு வரிசையில் வைத்துப் பார்த்தேன், முழுவதும் அவிழ்ந்துவிட்டது. இன்று காலை 2,638 முடிந்தது.