தசமபாகம் கொடுத்தும் கடன் தீரவில்லை என்றால் விசுவாசத்தில் குறையா?

கேள்வி: வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தவறாமல் தசமபாகமாகச் சபைக்குக் கொடுக்கிறோம், உபவாச ஜெபத்திலும் இருக்கிறோம். ஆனால் செம்பனைக் குலை வெட்டும் வேலையில் என் கணவரின் முதுகு போனதிலிருந்து கடன்தான் ஏறுகிறது. விசுவாசம் இருந்தால் ஆசீர்வாதம் வந்தே தீரும் என்று கூட்டங்களில் சொல்கிறார்கள். எங்கள் விசுவாசத்தில்தான் குறையா?

பதில்:

இல்லை, சகோதரி. அப்படிச் சொல்கிறவர்களிடம் வேதத்தை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள்.

நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். இப்போது எங்கள் சபையில் கஷ்டப்படும் குடும்பங்களுக்கு உதவி செய்யும் குழுவில் இருக்கிறேன். நீங்கள் கேட்ட இதே கேள்வியைத் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் அடிக்கடி கேட்கிறேன். கேட்கிறவர்கள் எல்லாருமே உழைத்துக் களைத்தவர்கள். கடன் சுமை ஒரு பக்கம், தேவன் நம்மைக் கைவிட்டுவிட்டாரோ என்ற பயம் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது சுமையை அவர்கள் தோளில் ஏற்றி வைத்தது மனிதர்கள்தான். அதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம்.

அந்தக் கூட்டங்களில் பெரும்பாலும் எடுப்பது மல்கியா 3ஆம் அதிகாரம், 10ஆம் வசனம். தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள், வானத்தின் பலகணிகளைத் திறப்பேன் என்று கர்த்தர் சொல்லும் இடம். சரி, அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் மேலே போய்ப் பாருங்கள். கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கும், பரதேசிக்கு, அதாவது வேறு தேசத்திலிருந்து வந்து தங்கியவனுக்கு, அநியாயம் செய்கிறவர்களுக்கும் விரோதமாகத் தாமே சாட்சியாக வருவேன் என்கிறார். பத்தாம் வசனத்தைப் பிரசங்கிக்கிறவர் ஐந்தாம் வசனத்தைத் தாண்டித்தானே வந்திருக்க வேண்டும்?

அந்தத் தசமபாகம் எங்கே போனது என்பதையும் பார்க்க வேண்டும். உபாகமம் 14இன் கடைசியில் இருக்கிறது: மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதை ஊர் வாசலிலேயே வைத்து, ஆலய வேலை செய்த, நிலமில்லாத லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும். கணவருக்கு வேலை இல்லாமல் கடனில் நிற்கும் ஒரு குடும்பம் அன்றைய இஸ்ரவேலில் இருந்திருந்தால், அந்தப் பந்தியில் உட்காரவே கூப்பிட்டிருப்பார்கள்.

லேவியராகமம் 19ஐ நம் ஊர்க்காரர்கள் வாசித்தால் இன்னும் நன்றாகப் புரியும். திராட்சத்தோட்டத்தில் சிந்திக் கிடக்கும் பழத்தைச் சொந்தக்காரன் பொறுக்கக் கூடாது, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது என்று சட்டம். செம்பனைக் காட்டில் உதிரிப் பழத்தை எப்படி ஒன்றுவிடாமல் பொறுக்கி எடைபோடுகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மோவாபிலிருந்து வந்த ரூத்தும் நகோமியும் பசியாறியது இந்தச் சட்டத்தால்தான். வயலின் சொந்தக்காரன் போவாஸ் ஒருபடி மேலே போய், ரூத்துக்காக அரிகளிலிருந்து (கதிர்க்கட்டுகளிலிருந்து) வேண்டுமென்றே சிந்தவிடச் சொன்னான். பரதேசி என்றால் அன்று கப்பலேறி வந்த நம் தாத்தா பாட்டி. இன்று நம் பழைய லயங்களில் தங்கியிருக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள். அவர்களையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் இழந்த யோபுவுக்கு இரண்டு மடங்காகத் திரும்பக் கிடைத்ததே என்று சொல்வார்கள். கிடைத்தது. ஆனால் 'நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், அதனால்தான் இந்தக் கஷ்டம்' என்று அதிகாரம் அதிகாரமாகப் பேசிய சிநேகிதர்களிடம் கர்த்தர் என்ன சொன்னார்? என் கோபம் உங்கள்மேல் மூண்டது, நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்றார். பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும், இவனும் பாவம் செய்யவில்லை, பெற்றவர்களும் செய்யவில்லை என்றுதான் இயேசு பதில் சொன்னார். அந்தச் சிநேகிதர்கள் பேசிய பேச்சை இன்று மைக்கில் கேட்டாலும் அது தவறுதான்.

பணம் வைத்திருப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆபிரகாம் செல்வந்தர். பிலிப்பியில் தன் வீட்டைப் பவுலுக்குத் திறந்துவிட்ட லீதியாள் இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த துணி விற்ற வியாபாரி. ஆனால் லூக்கா 12இல் வரும் ஐசுவரியவான் நல்ல விளைச்சலைப் பார்த்துக் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போடுகிறான். அவன் பேச்சு முழுக்க என் தானியம், என் பொருள், என் ஆத்துமா. பக்கத்தில் ஒரு மனிதன்கூட இல்லை.

வறுமையைப் புனிதமாக்குவதும் எனக்குப் பிடிக்காது. பரலோகத்தில் எல்லாம் சரியாகிவிடும், இங்கே பொறுத்துக்கொள் என்று பசித்தவனிடம் சொல்வது எளிது. குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காவிட்டால் என்ன பிரயோஜனம் என்று புதிய ஏற்பாட்டில் நிருபம் எழுதிய யாக்கோபு கேட்கிறார். வேலைக்காரரின் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று சொன்னவரும் அவரே.

எங்கள் ஊர்க் கதை ஒன்று. 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் போனது, குடியிருந்த வீடும் போனது. சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தொழிலாளிகள் மாதம் பத்து வெள்ளியாகப் போட்டு, அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர் இந்து, அது சபை செய்த வேலையும் இல்லை. ஆனாலும் 2 கொரிந்தியர் 8ஐ வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பத்து வெள்ளிதான் ஞாபகம் வரும். மிகுந்த தரித்திரத்தில் இருந்த மக்கெதோனியா சபைகள் எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகப் பணம் சேர்த்த கதை அது. ஒருவருடைய மிகுதி மற்றவருடைய குறைவை நிரப்பட்டும், சமநிலை வரட்டும் என்கிறார் பவுல். அந்தப் பணத்தை அவர் தனியாகக் கையாளவும் இல்லை. யாரும் குற்றம் சொல்லாதபடி இன்னும் சிலரைக் கூடவே வைத்துக்கொண்டார். காணிக்கைக் கணக்கைக் காட்ட மறுக்கும் ஊழியம் எதுவானாலும் அங்கே பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், உங்களுக்கு இப்போது வேண்டியது. 2 கொரிந்தியர் 8இன் 12ஆம் வசனம், ஒருவனிடம் இல்லாததை அல்ல, உள்ளதைப் பார்த்தே தேவன் ஏற்றுக்கொள்கிறார் என்கிறது. ஆகவே கடன் வாங்கித் தசமபாகம் கொடுக்காதீர்கள். ஆலோங்கிடம் (உரிமமில்லாத வட்டிக்காரரிடம்) வாங்கி எதையும் கொடுக்காதீர்கள். போதகரிடம் நிலைமையை உள்ளபடி சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. உதவி கேட்பது விசுவாசக் குறைவும் இல்லை. ஆதிச் சபை விதவைகளின் பந்தியைக் கவனிக்கவே ஏழு பேரை நியமித்தது.

வங்கிக் கடன் என்றால் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் ஏகேபிகே (AKPK) இருக்கிறது. கடனை மாற்றியமைப்பது பற்றி இலவசமாக ஆலோசனை சொல்வார்கள், மாதக் கட்டணத்தைக் குறைக்க வங்கிகளிடம் பேசவும் செய்வார்கள். கணவரின் முதுகு வேலையில் போனது என்று எழுதியிருக்கிறீர்களே, தொழிலாளர் சமூகக் காப்புறுதி அமைப்பான சொக்சோவுக்கு மனு போட்டாயிற்றா? போடவில்லை என்றால் ஆஸ்பத்திரிச் சீட்டு, சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். சம்பளப் பாக்கி ஏதாவது இருந்தால் அதற்குத் தொழிலாளர் இலாகா. நீங்கள் ஈப்போ வட்டாரம் என்றால் இங்கேயே பதில் எழுதுங்கள். சொக்சோ அலுவலகத்துக்கு எங்கள் குழுவிலிருந்து ஒருவர் உங்களோடு வருவார்.